அப்பா உட்காராத பெஞ்சு: திருத்தணியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு

போன மாதம், கிருத்திகை கூட்டம் ஓய்ந்த வாரத்தில், திருத்தணியிலிருந்து கொச்சிக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க என்று கிளம்பவில்லை. ஒருவருக்குக் கொடுத்த வாக்கு.

ஆறு வருடம் இஸ்ரேலில் ஒரு வீட்டில் தங்கி, ரிவ்கா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். எண்பத்தெட்டு வயது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்த யூதர், பதினேழு வயதில் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறியவர். அவர் மலையாளம் பேசுவார், நான் தமிழ் பேசுவேன். இரண்டும் நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும். நான் ஊர் திரும்பும்போது ஒன்றுதான் கேட்டார்: "மோளே, அந்தக் கோயிலுக்குள்ள போய் ஒரு நிமிஷம் உட்காரு. எங்கப்பாவுக்காக."

கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார். அங்கே 1568-ல் கட்டப்பட்டது பரதேசி சினகாக், அதாவது யூதர்களின் ஜெபக்கூடம். அந்தக் கூடத்துக்குள்ளும் மேல், கீழ் இருந்திருக்கிறது. என்றோ அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வழிவந்தது ரிவ்கா அம்மாவின் குடும்பம். அதே வேதம், அதே ஜெபம்தான். ஆனால் அவர்கள் வீட்டு ஆண்களுக்குப் பெஞ்சில் இடமில்லை, முன்னறையில் தரையில்தான் உட்கார வேண்டும். போராடி அந்த உரிமை கிடைத்த சமயம் அவர் அப்பா ஏலியா படுத்த படுக்கை. ஒருநாள்கூட உள்ளே உட்காராமலே போய்ச் சேர்ந்தார். அப்போது ரிவ்கா அம்மாவுக்கு ஐந்து வயது.

தனியாகப் போகாதே என்று அக்கா பாவாவைத் துணைக்கு அனுப்பினாள். பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர், முனுசாமி. திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறார்.

வழி கேட்பவர்களுக்கு: திருத்தணியில் கொச்சி ரயில் கிடையாது. லோக்கல் பிடித்து அரக்கோணம் போக வேண்டும். 13 கி.மீ., இருபது நிமிடம், டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கே இரவு எட்டரைக்கு ரயில். படுக்கை வசதிக்கு ஆளுக்கு 390 ஆனது. காலை ஏழேகாலுக்கு எர்ணாகுளம். அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி, ஆளுக்கு ஆறு ரூபாய், இருபது நிமிடம். பாவா வாழ்க்கையில் முதல்முறையாகப் படகு ஏறினார், கம்பியைப் பிடித்த கையை இறங்கும்வரை விடவில்லை. பிறகு மூன்று கி.மீ. ஆட்டோ, எண்பது ரூபாய். "மூணு கிலோமீட்டருக்கு எம்பதா? நம்ம ஊர்ல அறுவதுதாம்பா" என்று தொழில்முறையில் சண்டைக்குப் போனார் பாவா. அந்த டிரைவர் சிரித்துக்கொண்டே பத்து ரூபாய் திருப்பிக் கொடுத்தார்.

யூதத் தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள், காற்றெல்லாம் ஏலக்காய், மிளகு வாசனை. தெரு முடிகிற இடத்தில் மணிக்கூண்டு, அதன் கீழே கதவு. பூட்டியிருந்தது.

அன்று சனிக்கிழமை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை ஒரு ஸ்விட்சைக்கூடத் தொடாத வீட்டில் ஆறு வருடம் இருந்தவள் நான். டிக்கெட் போடும்போது அந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே எங்களுக்குத் திரும்பும் ரயில். ஞாயிறு முகூர்த்த நாள், மலைக்கோயில் கல்யாணங்களுக்கு நான்கு சவாரி பேசி வைத்திருந்தார் பாவா.

"நீங்க கிளம்புங்க பாவா. நான் இருந்து பார்த்துட்டு வரேன்" என்றேன்.

அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனை எடுத்தார். "டேய் கோபி, நாளைக்கு என் சவாரி நாலும் நீ எட்த்துக்கோ. ஆங். ஒரு வேலையா வந்துகீறேன், முடியாம வரமாட்டேன்." என் பக்கம் திரும்பி, "அந்தம்மா எம்பது வருசமா காத்துகினுகீது. நமக்கு ஒரு நாளுல இன்னாமா ஆயிடும்? வா, சாப்புடலாம்" என்றார்.

அறை 900 ரூபாய். மீன் சாப்பாடு 150. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. பாவா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் ஆளாக நின்றோம். நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய். செருப்பை வெளியே விட வேண்டும். முன்னறையைத் தாண்டியதும் கூடம். வெள்ளையில் நீலம் தீட்டிய சீனத்துத் தரை ஓடுகள், கால் வைத்தால் சில்லென்றிருக்கிறது. விட்டத்திலிருந்து வகைவகையாகக் கண்ணாடி விளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. சுவரோரம் மர பெஞ்சுகள்.

உட்கார்ந்தேன். ஏலியா என்ற பெயரை மனதுக்குள் சொன்னேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

திறந்தபோது பாவா கதவோரமாகக் கைகட்டி நின்றிருந்தார்.

"உக்காருங்க பாவா."

"பரவால்லம்மா, நின்னுகினுகீறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அவுங்கப்பா எங்க குந்துவாரு?" என்று கேட்டார்.

முன்னறையைக் காட்டினேன். அங்கே போய் அந்தத் தரையைப் பார்த்தபடி நின்றார். அங்கிருந்து கூடத்துக்குள் எது தெரியும், எது தெரியாது என்று அளப்பதுபோல ஒருமுறை குனிந்தும் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க நைனாவும் இப்டித்தாம்மா" என்றார் மெதுவாக. "ஊர் கோயில்ல உள்ள வுட மாட்டாங்க. ரோட்டாண்ட நின்னு கற்பூரம் ஏத்திட்டு வந்துடுவாரு. சாமி மொகம் எப்டி இருக்கும்னு அவருக்குத் தெரியாமலே போயிடுச்சி."

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கும் கதைதான். பாவா வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வந்தவர்கள் தரை ஓடு பார்த்து, விளக்குப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். பாவா எழுந்திருக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. முக்கால் மணி நேரம் இருந்தோம்.

வெளியே வந்து ரிவ்கா அம்மாவை போனில் கூப்பிட்டேன். உட்கார்ந்ததைச் சொன்னதும், "மெத்தை உண்டோ? அப்பாவுக்கு முதுகு வலி இருந்ததாம், அம்மா சொல்வாள்" என்றார். பாவாவின் நைனாவைப் பற்றியும் சொன்னேன். உடனே அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "ஆங்... ஆங்மா... நைனா பேரு ஏயுமலைங்க" என்று மட்டும் பாவா சொன்னது கேட்டது. போனைத் திருப்பித் தரும்போது கண் கலங்கியிருந்தது.

திரும்பும்போது முன்பதிவில்லாத பெட்டிதான், காட்பாடி வரை நின்றுகொண்டே வந்தோம்.

போக நினைப்பவர்கள் என்னைப்போல ஏமாற வேண்டாம். வெள்ளி, சனி, யூதப் பண்டிகை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். விளக்குகளை அண்ணாந்து பார்க்கும் அவசரத்தில் முன்னறையைக் கடந்து ஓடாதீர்கள். அந்த ஊர் யூதர்களில் அநேகமாக எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பெருமையெல்லாம் கூடத்துக்குள் இருக்கிறது. அவர்களில் சிலர் பட்ட வருத்தம் அந்த முன்னறையில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் பார்த்ததாகும்.

அடுத்த வாரம் ரிவ்கா அம்மாவே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும்போது ஏலியா, ஏழுமலை என்று இரண்டு அப்பாக்கள் பெயரையும் சொன்னாராம். ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் பாவாவிடம் சொன்னேன். கிளம்பத் தயாராக இருந்தவர் வண்டியை அணைத்தார்.

"எங்க நைனா பேர கரீட்டா சொன்னாங்களா?"

"நம்மளவிட நல்லாவே சொல்றாங்க பாவா. அவங்களுக்கு ழ வருது."