ஆறாவது பூதம்

எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அப்படிப்பட்ட நான் இந்தப் பிறவியிலேயே அதிகமாகக் கோபப்பட்டது ஏழாவது படிக்கும்போது, ஓர் ஆமையின் மேல். அதுவும் நிஜ ஆமை இல்லை, செல்போனுக்குள் இருந்த ஆமை. நியாயமாகப் பார்த்தால் கோபம் ஆமையின் மேல்கூட இல்லை, அதை உள்ளே நுழைத்த சித்தப்பாவின் மேல்.

அந்த ஆட்டத்துக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர் ஒன்று உண்டு. திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது வெறும் 'பூதம்'. காட்டிலும் குகையிலும் திரிகிற பூதங்களைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, அதில் ஆறைத் தேர்ந்தெடுத்து எதிராளியின் ஆறோடு மோதவிட வேண்டும். நாங்கள் விளையாடிய போன் சித்தப்பாவுடையது. அப்பாவும் சித்தப்பாவும் கண்டெய்னர் யார்டில் மூட்டை ஏற்றி இறக்கும் ஒரே கேங்கில் இருந்தார்கள். அப்பாதான் மேஸ்திரி. நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். ஒருமுறை மூட்டை அடுக்கு சரிந்து சித்தப்பாவின் கால் நசுங்கியது. அவர் வீட்டில் கிடந்த மாதங்களில்தான் நானும் அவரும் சேர்ந்து பூதம் வளர்த்தோம். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தபடி அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பூதங்களுக்கு நாங்களே பேர் வைத்தோம். நெருப்புக் கக்குவது கொள்ளி. மின்சாரம் பாய்ச்சுவது கரண்ட்டு. விஷம் துப்புவது பேஜாரு. கல் ஓடு போட்ட ஆமைக்குச் சித்தப்பா வைத்த பேர் அசால்ட்டு. எதிரி நாலு அடி அடித்த பிறகுதான் அது ஒரு காலைத் தூக்கும். அதைப் பார்த்துச் சித்தப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். பழம் கிடைத்தால் முதலில் அதற்குத்தான் ஊட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வண்ணாரப்பேட்டையில் புதிதாகத் திறந்த செல்போன் கடையில் பூதப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தால் புதுப் போன். எனக்கே எனக்கென்று ஒரு போன்! அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. யார்டுக்குப் புதுக் காண்டிராக்டர் வந்திருக்கிறார், ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் எனக்குக் காதில் ஏறவில்லை. என் கவலை ஆறு பேரைப் பற்றியது. முதலில் பேஜாரை அணியிலிருந்து தூக்கினேன், அதன் விஷம் உறைப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். ஐந்து இடம் நிரம்பிவிட்டது. ஆறாவது இடத்துக்கு அசால்ட்டா, புதிதாகப் பிடித்த ராக்கெட்டு என்ற பருந்தா என்பதுதான் குழப்பம்.

ஆள் எடுப்பதில் நைனாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று யார்டில் எல்லாரும் சொல்வார்கள். அதனால் அவரிடமே கேட்டேன். சித்தப்பா மொட்டை மாடியில் இருந்தார். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூதம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மெது, ஒன்று வேகம், யாரை எடுப்பது என்று நான் கேட்டதும் பிசைந்த கை நின்றது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மெதுவா கீறத தூக்கிடு. பாவம் பாத்துகினு இருந்தா மொத்த கேங்கும் பூடும்."

அவ்வளவுதான், அசால்ட்டை எடுத்துவிட்டு ராக்கெட்டை வைத்தேன். கடைக்காரர்கள் அன்று ராத்திரிக்குள் ஆறு பேரையும் பூட்டிவிடச் சொல்லியிருந்தார்கள். பூட்டிய பிறகு மாற்ற முடியாது. ஒரு பொத்தானை அழுத்தவேண்டியதுதான் பாக்கி, அதற்குள் அம்மா தூங்கச் சொல்லிக் கத்தினாள். பூட்டிவிடு என்று சித்தப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது, பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. கடை மாடியில் பெரிய திரை. அதில் சண்டை போடுகிற பூதம் மட்டும்தான் தெரியும், மற்றவை வெறும் வட்டங்கள். முதல் ஆட்டங்களைக் கொள்ளியும் கரண்ட்டுமே ஊதித் தள்ளிவிட்டன. ஆறாவது ஆளுக்கு வேலையே வரவில்லை. கடைசி ஆட்டத்தில்தான் ஒரு துணிக்கடைக்காரர் மகன் என்னைத் திணறடித்தான். என் ஐந்தும் சாய்ந்தன. அவனிடம் ஒன்று மிச்சம், அதற்கும் உயிர் நூலளவுதான். ராக்கெட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும். போன் எனக்கு வந்த மாதிரிதான்.

ஆறாவது வட்டத்தைத் தொட்டேன். அசால்ட்டு வந்து நின்றது.

கூட்டத்தில் ஒருவன், "இன்னா மாமு, ஆமைய இட்டாந்துகீது இந்தப் பொண்ணு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரே ஒரு ஆள் கை தட்டினார், என் சித்தப்பா. அசால்ட்டு மெள்ள ஒரு காலைத் தூக்கியது. அது கீழே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பழக்கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

"உன்ன யாரு மாத்தச் சொன்னது?"

"அதுவும் நம்ம கூடவே இருந்ததுதான, பாப்பா. ஒரு ஆட்டம் ஆடட்டுமேன்னு..."

"நைனாவே தூக்கச் சொல்லிச்சு. மெதுவா கீறது வேணாமாம். நைனாவ விட ஒனக்குத் தெரியுமா?"

ரோட்டுப் பள்ளத்தை மறைத்திருந்த தகரத்தைச் சித்தப்பா பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணனா சொல்லிச்சு? அதையுமா தூக்கச் சொல்லிச்சு?"

"பேஜார நானே தூக்கிட்டேன். இத நைனா சொல்லிச்சு" என்று கணக்காகப் பதில் சொன்னேன். அந்த 'உம்'முக்கு அதுதான் பொருள் என்று நினைத்தேன். பிறகு அவர் தகரத்தை விட்டுவிட்டுப் பஸ்ஸை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். நான் திரும்பியே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை நைனா தனியாக வண்டியை எடுத்தார். எப்போதும் பின்னால் உட்கார்ந்து போகிற சித்தப்பா, சுவர் பக்கம் திரும்பிப் பாயில் படுத்திருந்தார். நைனா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் படுத்திருந்த பக்கம் பார்க்கவுமில்லை. அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். எனக்காகத்தான் நைனா அவரோடு பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. நன்றாக வேண்டும் என்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இன்றைக்கு அந்தக் காண்டிராக்டரை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். நைனாவை நினைத்தாலும் அப்படித்தான், அவர் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று தெரிந்தும். அன்றைக்கு என் கோபமெல்லாம் ஆமை தோற்றதில் இருந்தது. பேஜாரையும் அசால்ட்டையும் தவிர அந்த வாரம் எங்கள் வீட்டில் வேறு யாரையாவது தூக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.