பாறைமேல் அக்கா கட்டிய தெரு

என் அக்கா கண்மூடி இன்றோடு ஓராண்டு ஆகிறது. ஜெபத்துக்கு வந்திருந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவின்முறையாருக்கும், அக்காவின் தெருவில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம். “எங்கம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும் சின்னம்மா. வீட்ல எழுத்து நல்லா வர்றவங்க நீங்கதான்” என்று அக்காவின் ஒரே மகன் தேவராஜ் மூன்று மாதமாக என்னை விடவில்லை. எழுதுகிறேன், ஆனால் உள்ளதைத்தான் எழுதுவேன் என்றேன். சரி என்றான். என்ன உள்ளது என்று அவனுக்குத் தெரியாது, பாவம்.

உள்ளது இதுதான். அக்கா மேல் எனக்குப் பொறாமை. சின்ன வயசில் வந்து பிறகு மறந்துபோகிற பொறாமை இல்லை. தலை நரைத்த பிறகும் குறையாத பொறாமை. நினைவு மலரில் இதையெல்லாமா எழுதுவது என்று முகம் சுளிப்பவர்கள் தயவுசெய்து கடைசிப் பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே பாட்டு அச்சிட்டிருக்கிறோம்.

தாது வருஷப் பஞ்சம் தீர்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், விரிஞ்சிபுரத்தை அடுத்து பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். ஆறு வருஷம் கழித்து நான் பிறந்தேன். தாயார் என் பிரசவத்தோடு போய்விட்டார். தந்தையார் கொத்து வேலை செய்பவர். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய காலம் அது. சுண்ணாம்புக் குழியும் பட்டைத் தொட்டியும் கட்ட ஆள் வேண்டியிருந்ததால் எங்களையும் அழைத்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்துவிட்டார்.

இரண்டு பெண்களில் ஒருத்திதான் படிக்க முடியும் என்ற நிலை. “பாப்பா படிக்கட்டும் நைனா, நான் உன்கூட வேலைக்கு வர்றேன்” என்று சொன்னவர் அக்கா. என்னை வேலூரில் போர்டிங் பள்ளியில் சேர்த்தார்கள். அக்கா தந்தையாருக்குச் சித்தாளாகச் செங்கல் சுமந்தார். அப்படியானால் பொறாமைப்பட வேண்டியவர் அவரல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடுமுறைக்கு வந்தால் நான் பார்த்தது என்ன? “ஏம்மா, இந்தத் தொட்டில தண்ணி வடிய எந்தப் பக்கம் வாட்டம் உடலாம்?” என்று தந்தையார் அக்காவிடம் யோசனை கேட்பார். என்னிடம் கேட்டதெல்லாம் “சாப்டியாம்மா?” என்பது ஒன்றுதான். பரீட்சையில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னால், “அப்டியா, சந்தோஷம்” என்பார். உடனே அக்கா பக்கம் திரும்பிக்கொள்வார்.

நான் உபாத்தியாயினி ஆனேன். வேலூரிலேயே ஒரு குமாஸ்தாவுக்கு என்னை மணம் செய்துகொடுத்தார்கள். அக்காவை ஒரு தோல் ஷாப் மேஸ்திரிக்குக் கொடுத்தார்கள். மாமா நல்லவர், ஆனால் ஆயுசு கம்மி. கைக்குழந்தை தேவராஜோடு அக்கா தந்தையார் வீட்டுக்கே திரும்பி வந்தார். அழுதுகொண்டு உட்காரவில்லை. பத்தாம் நாள் காரை குழைக்கப் போய்விட்டார்.

ஐரோப்பாவில் சண்டை மூண்டது. சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் வேண்டும் என்று ஷாப்புகள் இரவும் பகலும் ஓடின. திருப்பத்தூர் பக்கமிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் ஜனங்கள் சட்டிபானையோடு வந்து இறங்கினார்கள். வேலை கிடைத்தது, தலை சாய்க்க இடம் கிடைக்கவில்லை. தோல் ஊறப்போடும் ஆவாரம் பட்டை அடுக்கிய கொட்டகையில் தூங்கினார்கள், வண்டிக்கடியில் சமைத்தார்கள். ஓர் அறையில் மூன்று குடும்பம் புடவையைக் குறுக்கே கட்டிக்கொண்டு வாழ்ந்ததை நானே கண்டிருக்கிறேன். கிணற்றடியில் தினம் சண்டை. ஒரு வாந்திபேதி வந்தால் ஒரு வீட்டு வரிசையே காலியாகும்.

அந்தச் சமயத்தில்தான் தந்தையார் படுக்கையில் விழுந்தார். ரயில் பாதைக்கு அப்பால் அவர் வாங்கிப் போட்டிருந்த இரண்டு மனைகளையும் எங்களுக்குப் பாகம் பிரித்துவிட விரும்பினார். எங்கள் வழக்கப்படி மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலண்டை மனை கரடுமுரடான பாறை. கீழண்டை மனை, தோல் மண்டிக்காரர் ஒருவர் பழைய நாளில் உப்புத் தோலை உதறிக் காயவைத்த களம். சமதரை. ஒரு முள் இல்லை, ஒரு புல் இல்லை, துடைத்து வைத்த தட்டாக இருந்தது. பங்காளிகள் முன்னிலையில் அக்கா இரண்டையும் காட்டிவிட்டுச் சொன்னார்.

“பாப்பா, அந்தக் களம் வேணாண்டி. உப்புத் தோலு உதர்ன எடம். பாறைய எடுத்துக்கோ.”

எனக்குச் சுரீரென்றது. நல்ல இடத்தைத் தான் வைத்துக்கொண்டு பாறையை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். உப்பு என்று சொல்லி யாரைப் பயமுறுத்துகிறார்? உப்பு தண்ணீரில் கரையும் என்பது நான் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

“ரெண்டு மழை பேஞ்சா உப்பெல்லாம் கரஞ்சி ஆத்துக்குப் போய்டும்க்கா. எனக்குக் களந்தான் வேணும்” என்றேன்.

அக்கா திரும்பிப் பாறைப் பக்கம் நடந்தார். தோற்றுப்போனார் என்று எனக்குள் ஒரே கும்மாளம்.

அந்த மனையில், அந்த மண்ணையே வெட்டிச் செங்கல் அறுத்து, ஆறு வீடு வரிசையாகக் கட்டினேன். அக்காவுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அவர் அங்கே பாறையை உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்த கல் அஸ்திவாரத்துக்கு ஆயிற்று. உடைத்த பள்ளத்தில் கிணறு ஆயிற்று. சுவர் ஒன்றுகூட எழும்பாத காலத்தில் சாக்கடை வெட்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தேன். “அழுக்குத் தண்ணி எங்க போவும்னு தெரியாம எப்டி செவுரு எழுப்பறது?” என்று அக்கா கேட்டார். என் வீடுகளில் குடித்தனம் நிரம்பியபோது அவர் இன்னும் வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆயுளில் அந்த எட்டு மாதம்தான் நான் அக்காவைவிட மேலே இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க மனசு வரவில்லை.

ஐப்பசி மழை வந்தது. என் வீட்டுச் சுவர்களில் வெள்ளையாக ஏதோ பூத்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி பூத்தது. உப்பு கரைந்தது உண்மைதான், ஆனால் ஆற்றுக்குப் போகவில்லை. சுவருக்குள் ஏறிக்கொண்டது. காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க வழியில்லை. என் குடித்தனக்காரப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கிணற்றுக்குப் போனார்கள். வாடகை வாங்க வந்தபோது, அங்கே போகிறவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொன்னேன். கன்னியம்மா என்றொருத்தி, பட்டை இடிக்கப் போகிறவள், இடுப்பில் குழந்தையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னாம்மா வாத்தியாரம்மா, உங்க தண்ணில சோறு பொங்கினா உப்பு போடத் தேவல, அது ஒரு லாபந்தான். ஆனா கொழந்த குடிக்க மாட்டேங்குதே, நான் இன்னா பண்ணட்டும்?”

போ என்று கையை ஆட்டினேன்.

ஊரார் அக்காவின் வரிசையைப் பெரியம்மா லைன் என்றார்கள். என்னுடையதை உப்பு லைன் என்றார்கள். இரண்டு பேரும் வைத்த பெயர் அல்ல, தானாக வந்த பெயர். கோயிலில் போதகர் பாறைமேல் வீடு கட்டினவனைப் பற்றிப் பிரசங்கிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலைவலி வந்துவிடும். வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம் வேண்டும், பெண்கள் ஷாப்பிலிருந்து இருட்டில் திரும்புகிறார்கள் என்று பஞ்சாயத்து போர்டுக்கு மனு எழுதித் தரச் சொன்னார். அழகாக எழுதினேன். பெண்கள் இருட்டில் திரும்பும் கஷ்டத்தையெல்லாம் எழுதிவிட்டு, தெருவின் இடத்தில் என் தெருவைக் குறித்தேன். அக்கா நம்பிக் கைநாட்டு வைத்தார். கம்பம் என் வரிசையின் முனையில் வந்து நின்றது. முதல் நாள் விளக்கேற்றியபோது அக்கா வந்து பார்த்தார். “நல்லா எரியுதுடி. நம்ம பொண்ணுங்க பாதி தூரமாவது வெளிச்சத்துல வருவாங்க” என்றார். நான் எழுதியதைத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இந்நாள்வரை விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. இதைப் படித்துத்தான் தேவராஜுக்கே தெரியப்போகிறது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் என் மூன்றாம் வீட்டின் பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பட்டப்பகல், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கர்த்தர் கிருபையால் ஒருவருக்கும் காயம் இல்லை. செய்தி கேட்டு வேலூரிலிருந்து ரயிலேறி வந்தேன். ஆறு வீடும் காலி. ஆறு குடும்பமும் அக்காவின் வரிசையில், இருந்தவர்களோடு இருந்தவர்களாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றடியில் அத்தனை பெண்கள் முன்னால் நான் கத்தினேன்.

“என் குடித்தனக்காரங்கள இஸ்துக்கினியே, உனக்கு இன்னும் எவ்ளோ வேணும்?”

“நான் ஏண்டி இஸ்துக்கறேன்? நடந்து வந்தாங்க.”

“எல்லாரும் உன்கிட்டயே நடந்து வர்றாங்க. நைனாலேர்ந்து எல்லாரும்!”

அக்கா கிணற்றுக் கயிற்றைக் கையிலிருந்து விடவில்லை. “நீயும் வாயேண்டி” என்றார். நான் அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

ஆனால் கடைசியில் போகத்தான் வேண்டியிருந்தது. என் கணவர் காலமாகி, பள்ளியிலிருந்தும் ஓய்வு பெற்றபின் எனக்கு என்று இருந்தது உப்பு லைனில் விழாமல் மிஞ்சிய கடைசி வீடு ஒன்றுதான். அதில் போய் வீம்புக்கு உட்கார்ந்தேன். படுத்திருந்தால் காரை முகத்தில் விழும். ஒரு மாதம் பொறுத்தார் அக்கா. பிறகு தேவராஜோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். “ஏறு” என்றார். ஏறினேன். கிணற்றுக்குப் பக்கத்து வீடு, கிழக்கே ஜன்னல். அந்த வீட்டுக்காக இரண்டு குடும்பங்கள் காத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா இருந்தவரை ஏழு ஆண்டு அங்கே இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். சுவர் கொட்டவில்லை, தண்ணீர் தித்திக்கிறது, சாக்கடை நிற்பதில்லை. ஏழு ஆண்டில் ஒரு தடவைகூட நல்லாயிருக்கிறது அக்கா என்று நான் சொன்னதில்லை. யாராவது வந்து அந்தத் தெருவைப் புகழ்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

சென்ற ஆண்டு அக்காவுக்குக் கால் வீங்கி மூச்சு முட்டியது. வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் தெருமுனைவரை நின்றார்கள். அவ்வளவு ஜனம் எனக்கு வருமா என்று, அந்த நேரத்திலும், கட்டிலருகில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசிவரை கூட இருந்து பார்த்த லேடி டாக்டர் அம்மாவுக்கும், வந்து ஜெபித்த போதகருக்கும், முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கன்னியம்மாவுக்கும் அவள் மருமகளுக்கும், ஷாப்பில் அரை நாள் வேலையை விட்டுவிட்டுச் சவப்பெட்டியைச் சுமந்த தெருவினருக்கும், பந்தலுக்குத் தன் சொந்த வண்டியில் மூங்கில் அனுப்பிய மண்டிக்கார சாயபுவுக்கும் எங்கள் குடும்பம் நன்றியுள்ளதாயிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்கவும்.

அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி நிற்கிறது. இறப்பதற்கு முந்தின நாள் பிற்பகல், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அக்கா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

“பாப்பா, இந்த வூட்ல நீ சவுரியமா இருக்கியாடி?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நான் சொன்னது வேறு.

“கொசு ஜாஸ்திக்கா.”

அக்கா மூச்சைத் திரட்டிக்கொண்டு தேவராஜைக் கூப்பிட்டார். “டேய், சின்னம்மா வூட்டுப் பின்னால தண்ணி நிக்குதான்னு பாரு. கொசுவாம்” என்றார். அவர் அதன்பிறகு ஒருவரிடமும் பேசவில்லை. தேவராஜ் உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, இருட்டும்வரை அந்தப் பக்கமெல்லாம் தேடியிருக்கிறான். “தண்ணி எங்கயும் நிக்கலியே சின்னம்மா” என்று வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

நிற்காது. அந்த வீட்டில் ஏழு ஆண்டாக ஒரு கொசு என்னைக் கடித்ததில்லை.