அரை ரூபாயும் பிளாஸ்டிக் பெட்டியும்

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீரும்வரை இருப்புக் கொள்ளாது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடி வந்தவள் நான். இப்படிப்பட்டவள் பழைய நாணயம் சேர்க்கப் போயிருக்கவே கூடாது.

போனேன். பதினெட்டு வருடமாகிறது. குழித்துறையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் என்னை இதில் இழுத்துவிட்டவர். பழைய பித்தளையை எடைக்குப் போட வருகிறவர்கள், பானைக்குள் கிடந்த திருவிதாங்கூர் காசுகளையும் சில சமயம் சேர்த்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் நல்லதைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து எனக்கென்று வைப்பார். விளிம்பை நகத்தால் வருடி, வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு அசல் என்பார். அவ்வளவுதான். என் ஊரான புதுக்கடையிலிருந்து பஸ் ஏறிப் போய் வாங்கி வரும் எனக்கு, அதை இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

போன வருடம் அவர் தந்த திருவிதாங்கூர் வெள்ளி அரை ரூபாய்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ போலி அரை ரூபாய்களின் படங்களைப் போட்டார். போலியில் எழுத்து சற்றுத் தடித்திருக்குமாம். என் காசை எடுத்துப் பார்த்தேன், தடித்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், தடித்திருக்கவில்லை. நகைக்கடைத் தராசில் நிறுத்தேன், எடை சரி. அதுவும் போதவில்லை. இது போலி என்றால் போவது ஒரு காசு மட்டுமில்லை. அவர் கண்ணை நம்பி வாங்கிய அத்தனை காசும் சந்தேகத்தில் விழும். அண்ணாச்சியும் விழுவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாணயத்தைத் தரம் பார்த்துச் சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். அண்ணாச்சிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. காசைத் தொட்டுப் பார்க்கத் தெரியாதவனுக்குச் செய்த கூண்டு என்பார். அதனால் அவரிடம் சொல்லாமல் அனுப்பினேன்.

இரண்டு மாதம் பிடித்தது. பார்சல் எங்கே நிற்கிறது என்று குழம்பு கொதிக்கும்போதும் போனில் பார்த்தேன். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபோதுகூட நீ இப்படிப் போனைப் பார்க்கவில்லையே என்றார் என் வீட்டுக்காரர். நாள் போகப் போக அந்தக் கம்பெனி மேலேயே சந்தேகம் வந்தது. அங்கே லென்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் மனிதர்தானே, அவருக்கு அன்று தலைவலியாக இருந்தால்? என் காசை எடுத்துக்கொண்டு வேறொன்றை அடைத்து அனுப்பினால் எனக்கு எப்படித் தெரியும்? ஒருவரை நம்பாமல் இன்னொருவரிடம் போனால் அவரையும் நம்பத்தானே வேண்டியிருக்கிறது.

பெட்டி வந்தது. அசல், அறுபத்து மூன்று மார்க். அன்று பாயசம் வைத்தேன். சாயங்காலத்துக்குள் சந்தோஷம் வடிந்து வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினெட்டு வருடப் பழக்கத்தை ஒரு வாட்ஸாப் படத்துக்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

நேரம் பார்த்து அண்ணாச்சி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை புதுக்கடையில் ஒரு கல்யாணமாம், அப்படியே வீட்டுக்கும் வருகிறாராம். அந்த அரை ரூபாயை எடுத்து வைக்கச் சொன்னார், ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். பேங்க் லாக்கரில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சரி என்றுவிட்டது.

பெட்டியோடு காட்டு, அவர் சொன்னது சரி என்றுதானே அதிலும் போட்டிருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். நியாயம்தான். ஆனால் அதை அவர் முன்னால் வைப்பது, உம்மைப் பரீட்சை வைத்துப் பார்த்தேன், நீர் பாஸாகிவிட்டீர் என்று சொல்வதாகும். அவர் முகத்தைப் பார்த்து அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. ஞாயிறு காலையில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். பெட்டி லேசில் விடவில்லை. விரிசல் விழுந்த இடத்தில் அழுத்தினேன், பிளேயர் வழுக்கியது. காசின் நடுவில் இருக்கும் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையின் மேல் குறுக்காக ஒரு கீறல். ஆழமில்லை. ஆனால் பளிச்சென்று, குருடனுக்கும் தெரியும்படி. உட்கார்ந்து அழுதேன்.

அண்ணாச்சி வந்து சேரும்வரை பத்து பொய் தயாரித்தேன். தரையில் விழுந்துவிட்டது, பேரன் எடுத்து விளையாடினான் என்று எதையும் மனம் ஏற்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டின் அலுப்போடு வந்தார், சாயா குடித்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு காசை வாங்கினார். ஜன்னலோரம் போய்த் திருப்பினார். கீறல் வெயிலில் மின்னியது.

“பாத்தியா மக்ளே,” என்றார். “இவ்வளவு வருஷம் ஆயும் ஒரு கீறல் உண்டா?”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். காசைப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நிறைந்த சந்தோஷம். இல்லை அண்ணாச்சி என்றேன். எத்தனை நாளாகக் கண் இப்படி என்று கேட்கவில்லை. கடைசி இரண்டு மூன்று வருடங்களில் அவர் தந்த காசுகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தன.

போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தார். அதற்குள் இன்னொரு அரை ரூபாய். போன வாரம் வந்ததாம், எனக்கென்று எடுத்து வைத்தாராம். என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உடனே திரும்பவில்லை, கொஞ்சம் நின்றார்.

“நீயும் ஒண்ணு பாரு மக்ளே. அசல்தானே?”

பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எழுத்து தடித்திருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

“அசல்தான் அண்ணாச்சி,” என்றேன்.