தகடு பார்த்துப் படித்த மரங்கள்

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு பூங்காவில் நானும் மனைவியும் இலை கூட்டிக்கொண்டிருந்தோம். ஆறாறு மாத ஒப்பந்தம். முடிகிற மாதமெல்லாம் அடுத்த ஒப்பந்தம் வந்துவிட்டதா என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்போம். போன ஆண்டு அங்கே நிரந்தர வேலை ஒன்று வந்தது. ஒரே ஒன்று. பூங்காவில் பாதிக்கு மேல் வட அமெரிக்க மரங்கள். யாரோ ஒரு பிரபு ஆசைப்பட்டு நட்டுவிட்டுப் போயிருக்கிறார். கிளையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லவேண்டும், அதுதான் பரீட்சை. நான் விண்ணப்பித்தேன். துணைக்கு இருக்கட்டும் என்று அவளையும் போடச் சொன்னேன். அந்தப் பெருந்தன்மைக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நான் முறையாகப் படித்தேன். ஒவ்வொரு மரத்திலும் அறைந்திருந்த தகட்டைப் பார்த்துப் பெயரைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். அவளுக்குக் கொப்பியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தகட்டில் இருக்கும் பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கண்ட கண்ட இலையையும் குச்சியையும் கசக்கி மணந்துகொண்டு திரிந்தாள். டக்ளஸ் மரத்தின் ஊசியிலை தோடம்பழத் தோல் மாதிரி மணக்கிறதாம். ரொபீனியா அவளுக்கு அகத்தி. கட்டால்பாவில் முழ நீளத்துக்குக் காய் தொங்குவதைக் கண்டதும் முருங்கை என்றே முடிவு கட்டிவிட்டாள். குழம்பு வைக்க நாலு காய் பிடுங்கிப் பையிலும் போட்டாள். அதைப் பறித்து எறிந்துவிட்டு, விசர்க்கதை கதைக்காதே, இது அமெரிக்க மரம் என்று ஏசினேன்.

பரீட்சை பெப்ரவரியில் வந்தது. மேசையில் இருபது மொட்டைக் குச்சிகள். ஒன்றிலும் இலை இல்லை, தகடு எங்கே இருக்கப்போகிறது? எல்லாம் எனக்கு விறகாகத்தான் தெரிந்தது. கடைசிக் குச்சிக்குப் பக்கத்தில், இரக்கப்பட்டோ என்னவோ, காய்ந்த நீளக் காய் ஒன்றையும் வைத்திருந்தார்கள். அப்பாடா, இது தெரியும் என்று வாயைத் திறந்தேன். முருங்கை என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பரீட்சை வைத்த பெண்மணி பொறுமையாகக் காத்திருந்தார். இதைச் சமைக்கலாமா என்று ஜேர்மனில் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்து அவள் போனாள். கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். தடவினாள், முறித்தாள், மணந்தாள், பெயர் சொன்னாள். இருபதில் பதினெட்டு. எனக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்.

இரண்டு கிழமையில் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. எரிச்சலாக இருந்தது, வெட்கமாக இருந்தது. பெருமையும் வந்தது, ஆனால் மூன்றாவதாகத்தான் வந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவளே கதையைத் தொடங்கினாள்.

"உங்களுக்கு மனவருத்தமெண்டால் சொல்லுங்கோ. எனக்கு வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கிறன்."

ஓம் என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினேன். பிறகு பெரிய தியாகி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இல்லை, நீயே எடு. நான் விட்டுத்தாறன்."

"நான் நேற்றே கையெழுத்து வைச்சு அனுப்பிட்டன்," என்றாள். "ஒரு மரியாதைக்குக் கேட்டனான்."