எங்கள் வீட்டு ஆண்மகனுக்கு ஆபரேஷன்

எங்கள் வீட்டு நாய்க்கு மூன்று வயது வரைக்கும் ரோடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. வாசல், கொல்லை, சோற்றுத்தட்டு, அவ்வளவுதான். போன ஐப்பசியில் எதிர்த்தெருப் பெட்டை ஒன்று பருவத்துக்கு வந்தது. நடுவில் அறந்தாங்கி ரோடு. வல்லத்திராக்கோட்டை தாண்டினால் பஸ்காரர்கள் விமானம் ஓட்டுகிறவர்கள். இவனோ தலையைக் குனிந்து மோந்துகொண்டே குறுக்கே போனான்.

"என்னைக்காவது அடிபட்டுச் செத்துக் கெடக்கப்போறான். ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க" என்றாள் மனைவி.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான்தான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஓர் ஆண்பிள்ளைக்கு இன்னோர் ஆண்பிள்ளை செய்கிற காரியமா அது?

எனக்கென்று ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். அவன் கிளம்பும் முன் கேட் தூணை நனைத்துவிட்டுப் போவான். பின்னாலேயே மற்ற நாய்கள் வந்து நனைக்கும். இந்தப் போக்குவரத்தை நிறுத்தினால் காதலும் நின்றுவிடும் என்று முடிவு செய்தேன். தூணைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். ஊரில் எல்லோரும் செய்வதுபோல் சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றித் தூணில் கட்டினேன். நாய் அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவன் பாட்டிலை மோந்து பார்த்தான். பிறகு பாட்டிலின் மேலேயே காலைத் தூக்கினான்.

மறுநாள் நாய்ச்சண்டையில் காது கிழிந்து வந்தான். தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். என் மகள் வயது டாக்டரம்மா, என் பினாயில் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அது வெறும் மூத்திரம் இல்ல, ஃபிளெக்ஸ் பேனர். ஆணா பெண்ணா, பருவத்துல இருக்கா, எல்லா வெவரமும் வாசனையில இருக்கும். வைக்கச் சொல்றது ஆண் ஹார்மோன்; வெதைய எடுத்தாத்தான் அது வத்தும். நீங்க பேனரக் கிழிச்சா, அவன் புதுசா ஒண்ணு வைக்கத்தான செய்வான்?"

பேரன் காதுகுத்துக்குப் பஸ் நிறுத்தத்தையே மறைத்துப் பேனர் வைத்த எனக்கு இது உடனே புரிந்தது. அங்கேயே நாள் குறித்தோம்.

செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது. "பாவம்ங்க. இனிமே கொரைக்கவும் மாட்டான், ஒங்கள மாதிரி ஓரமா ஒக்காந்திருப்பான்" என்றார் டீ மாஸ்டர். அதுதான் என்னை உறுத்தியது. உயிர் தப்பி, அவன் அவனாக இல்லாமல் போய்விட்டால்?

ஆபரேஷன் அன்று நாய் மேசையில் நிம்மதியாக மயங்கிக் கிடந்தது. வெளி பெஞ்சில் நான் வியர்த்துக் கிடந்தேன். உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து, "சார், யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தையல் ஆறும் வரை கட்டிப்போட்டோம். அவிழ்த்துவிட்ட அன்றே ஒரே ஓட்டமாக ரோட்டைத் தாண்டினான். லாரிக்காரர் பிரேக் போட்டு, நாயை விட்டுவிட்டு என்னைத் திட்டினார். நான் நேராக மருந்தகத்துக்குப் போனேன்.

"டாக்டரம்மா, ஆபரேஷன் பெயிலுங்க."

"ஹார்மோன் கொறஞ்சிரும் சார். பழக்கம் ஒடனே போகுமா? நீங்க ரிட்டயர் ஆகி ரெண்டு வருசமாச்சு. இன்னும் ஒம்பது மணிக்குச் சட்டையப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கல? தெனமும் பாத்துக்கிட்டுத்தான வாரேன்."

பஸ் ஸ்டாப் பக்கம் பார்க்காமல் வீடு திரும்பினேன். இன்னும் சில வாரம் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னபடி செய்தேன்.

தை பிறந்து ஒரு காலையில், நானும் மனைவியும் கேட்டில் நிற்க, சங்கிலியை அவிழ்த்தோம். எதிர்ப்பக்கம் இன்னொரு பெட்டை, பின்னால் நாலைந்து நாய்கள். இவன் ரோட்டோரம் வரை போனான். மூக்கைத் தூக்கிக் காற்றை வாசித்தான். ஒரு பஸ் கடந்தது. அவன் அப்படியே உட்கார்ந்து, கூத்துப் பார்க்க வந்தவன் மாதிரி வேடிக்கை பார்த்தான். பிறகு திரும்பி ஓடிவந்து என் மேல் ஏறி முகத்தை நக்கினான். வழியில் போன மீன்காரர் வண்டியைப் பார்த்ததும், பழையபடி தெருவே அதிரக் குரைத்தான்.

"கொரைக்கிறான்டி" என்றேன், பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பன் மாதிரி.

"காது கேக்குது" என்றாள். கையில் சுற்றி வைத்திருந்த சங்கிலியை மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, மீன்காரரை நிறுத்தப் போனாள்.