பச்சை இலை ஒட்டிய மானிட்டர்கள்

அன்று ஷெட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளி இருந்தார். எடை போடுகிற அண்ணன் இருந்தார். திருவட்டாறிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய சாமான் ஏற்றிவந்த வண்டிக்காரர் சாயா கிளாஸோடு வாசலில் நின்றார். அரசாங்க ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்த அம்மா ஒருவர், கையில் ஃபைலும் பேனாவும். நான் இருந்தேன். மைனி இருந்தாள். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அவள் ஓரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். கை நடுங்குவதைச் சோதனைக்கு வந்தவர் பார்க்கக் கூடாது.

கருங்கல் சந்தைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது ஷெட். பழைய கம்ப்யூட்டர் வரும். நாங்கள் கழற்றிப் பிரிப்போம். இரும்பு தனி, கம்பி தனி, பிளாஸ்டிக் தனி. மானிட்டர் எல்லாம் எனக்கும் மைனிக்கும்.

வந்த அம்மா என்னிடம்தான் கேட்டார்.

"பிரிக்கும்போது கையுறை, மாஸ்க் போடுவீங்களாம்மா?"

"போடுவோம். பச்சை இல்லாததுக்குப் போடுவோம்."

"பச்சைன்னா?"

ஒரு மானிட்டரைத் தூக்கிக் காட்டினேன். முன்பக்கம் கீழ்மூலையில் பச்சை இலை போட்ட ஸ்டிக்கர்.

"இது சைவம். இதுக்குள்ள விஷம் கெடயாது. சும்மா கையால எடுப்போம். மத்தது அசைவம்."

வண்டிக்காரர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"இதை யாரு சொன்னா உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. கண்டுபிடித்தது நான்தான்.

இந்த வேலைக்கு முன்னால் நானும் மைனியும் அண்டி ஆபீஸில் இருந்தோம். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் பத்தொன்பது வருஷம். மைனி என்னைவிட நாலு வருஷம் கூடுதல். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைக் கையில் தேய்த்துக்கொண்டு உடைப்போம். விரல் எப்போதும் கறுத்தே கிடக்கும். அதனால் கெட்ட பொருள் எது என்று எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். கெட்டது என்றால் கையைச் சுடும்.

ஆலையை மூடினார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தோம். பிறகு இந்த ஷெட் வந்தது. முதலாளி வளைகுடாவில் பழைய கம்ப்யூட்டர் கடையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். முதல் நாளே எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"மானிட்டருக்குள்ள பென்சிலவிட மெலிசா கொழல் லைட்டு இருக்கும். ஒடைக்காம எடுத்து இந்த டிரம்முல வச்சு மூடணும். மாஸ்க்கு, கிளவுஸு ரெண்டும் வேணும். ஷட்டர் தெறந்து கெடக்கணும். கேட்டுதா?"

கேட்டது. சுவரில் ஒரு பேப்பரும் ஒட்டினார். இங்கிலீஷ். நான் ஏழாவது வரை. மைனி எட்டாவது. பேப்பர் அங்கேயே இருந்தது.

மானிட்டரின் முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் பத்துப் பன்னிரண்டு முத்திரை. வட்டத்துக்குள் எழுத்து. முக்கோணத்துக்குள் மின்னல். குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக் கோடு. ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று ஒவ்வொரு நாட்டுக்காரரும் சோதித்துப் போட்ட முத்திரை என்று முதலாளி சொன்னார்.

"கலியாணக் கார்டு மாதிரில்லா இருக்கு. மாமன் மச்சான் ஒருத்தன் பேரையும் விடல்ல" என்றாள் மைனி.

குப்பைத்தொட்டிப் படம் எல்லாவற்றிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்ததால் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

மைனிக்கு மாஸ்க் ஆகாது. அவளுக்கு இளைப்பு உண்டு. போட்டு அரைமணி ஆனால் மூச்சு முட்டும். கழற்றிவிட்டு வெளியே போய் நிற்பாள். முதலாளி இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரம் சொன்னார்.

"மாஸ்க்கு போட முடியல்லேண்ணா வேற வேல பாருங்கம்மா. எனக்குப் பிரச்சனையாயிரும்."

கோபமாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படி. ஆனால் மைனிக்கு வேறு வேலை கிடையாது. அண்ணன் செத்து அப்போது ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயாவுக்கு பிஸ்கட் பாக்கெட் பிரித்தேன். அதில் பச்சைப் பொட்டு. எதிரே மேசையில் மானிட்டர், அதில் பச்சை இலை. பக்கத்து மானிட்டரைப் பார்த்தேன். அதில் இல்லை. அடுத்ததில் இருந்தது. சிலதில் இருந்து சிலதில் இல்லாமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று பட்டது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அய்யாவழி மார்க்கத்துக்காரி. விரத நாளில் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் எதையும் வாங்குவாள். பொட்டு அவளை ஏமாற்றியதில்லை.

"மைனி, இது பச்சை."

"எது?"

"இந்த மானிட்டரு. பிஸ்கட்டுல உள்ளது மாதிரி. இதுக்குள்ள கெட்டது ஒண்ணும் போடல்ல."

"ஏட்டி, மானிட்டர நீ தின்னவா போற?"

"கேளுங்க. பச்சை உள்ளதெல்லாம் நீங்க எடுங்க. அதுக்கு மாஸ்க் வேண்டாம். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

மைனி அந்தப் பச்சையிலிருந்து ஒரு குழலை எடுத்து முறித்தாள். உள்ளே வெள்ளைப் பொடி. உள்ளங்கையில் தட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"சுடல்ல" என்றாள்.

அவ்வளவுதான் நாங்கள் செய்த சோதனை.

முதலாளியிடமும் சொன்னேன். ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். கையால் மறைத்துக்கொண்டு, "ஆமா, பச்சை உள்ளது நல்ல சாதனம். கரண்டு கொறச்சு எடுக்கும்" என்றார். மறுபடி ஃபோனுக்குப் போய்விட்டார். மைனியின் மாஸ்க்கைப் பற்றிப் பிறகு அவர் கேட்கவே இல்லை. நல்ல சாதனம் என்பதை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அதன்பிறகு வேலை சுகமாகப் போயிற்று. மாஸ்க் போட்டு நான் வாசல் பக்கம். மாஸ்க் இல்லாமல் மைனி உள்ளே. சாரல் நாளில் ஷட்டரைப் பாதி இறக்குவோம். ஈரக்காற்று அவளுக்கு ஆகாது என்று அவளைக் கடைசி மூலைக்கு மாற்றியதும் நான்தான். பச்சைக் குழல்களை டிரம்மில் வைக்கவில்லை. டிரம் வாசலில் இருந்தது, நடக்க வேண்டும். மைனி அவற்றை முறித்துப் பக்கத்தில் ஒரு சாக்கில் போட்டாள். நொறுங்குகிற சத்தம் கேட்கும்.

"என்ன மைனி, பப்படமா?"

"ஆமா. சாதம் இல்ல, சாம்பார் இல்ல. பப்படம் மட்டும் உண்டு."

ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று.

மைனிக்கு இன்னொரு வேலை இருந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. திராட்சரசத்தை ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். பெருவிரல் அளவுதான் கிண்ணம். ஒரு தட்டில் நாற்பது குழி, நாற்பது கிண்ணம். அதில் ஊற்றுகிறது மைனி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுவருஷம் முதல் அவள்தான். மூக்கு நீண்ட ஒரு கெண்டி உண்டு. அதைப் பிடித்து ஒன்று ஒன்றாக ஊற்றிக்கொண்டு போவாள். கீழே வெள்ளை விரிப்பு. ஒரு சொட்டு விழாது. அண்ணன் செத்த மாதமும் ஊற்றினாள். அன்றும் விழவில்லை.

ஒரு மாதம் விரிப்பில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அடுத்த மாதம் நாலைந்து. பெண்கள் சங்கத்து அக்கா ஒருத்தி, "கண்ணாடிய மாத்துங்க, பவர் ஏறியிருக்கும்" என்றாள். மைனி கண்ணாடி மாற்றினாள். அதற்கடுத்த மாதம் கிண்ணம் ஒன்று சாய்ந்து தட்டெல்லாம் ரசம். கெண்டியின் மூக்கு கிண்ணத்தின் விளிம்பில் தட்டித் தட்டி ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. போதகரின் மனைவி மெதுவாக வந்து தோளில் கைவைத்தார்.

"அடுத்த மாசம் தொட்டு நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிடுங்க. அது போதும்."

மைனி சரி என்றாள். அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று, "வயசு ஆகுதுல்லா" என்றாள். அவளுக்கு ஐம்பத்தாறு.

அப்புறம் ஈறில் இரத்தம் வந்தது. தூக்கம் இல்லை. சும்மா இருக்கும்போதே என்மேல் எரிந்து விழுந்தாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஷெட்டில் ஸ்க்ரூ கழற்ற முடியாமல் போனது. நான் கழற்றிக் கொடுப்பேன், அவள் குழலை முறிப்பாள். அந்த வேலையை மட்டும் அவளுக்கு விட்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் சோதனைக்கு அந்த அம்மா வந்தது.

அவர் மானிட்டரை வாங்கித் திருப்பினார். முதுகில் இருந்த ஸ்டிக்கரில் விரலை வைத்தார்.

"முன்னாடி இருக்கிற இலை, இது கரண்டு குறைவா எடுக்கும், சில விஷப்பொருள் குறைவா சேர்த்திருக்குன்னு சொல்லுது. குறைவுதான். இல்லைன்னு சொல்லல. இங்க பாருங்க, பொடி எழுத்துல. விளக்குல பாதரசம் இருக்குன்னு போட்டிருக்கு. இந்தத் தொட்டிப் படமும் அதுக்குத்தான், குப்பையில போடாதேன்னு. குழலை உடைச்சா அது காத்துல கலக்கும். கண்ணுக்குத் தெரியாது."

மூலையிலிருந்து மைனி கேட்டாள்.

"சுடுமா?"

"சுடாதும்மா. மணக்கவும் செய்யாது."

மைனி தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தாள். மடியில் வைத்தாள். இரண்டும் நடுங்கின. எல்லாரும் பார்த்தார்கள். வண்டிக்காரர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். முதலாளி போய் ஷட்டரை மேலே தள்ளினார்.

மறுநாள் முதலாளியின் வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு அடுத்த வாரம் மறுபடி போனோம். பாதரசம்தான். டாக்டர் சின்ன வயசுக்காரர். இனி அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்றார். நடுக்கம் குறையலாம் என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். ஜன்னலோரம் மைனி.

"மைனி, நான் சொன்னதுனாலதான்."

"அந்த ஸ்டிக்கர நீயா ஒட்டின?"

"நான் சொல்லலேண்ணா நீங்க தொட்டிருக்க மாட்டீங்க."

"நீ சொல்லலேண்ணா அண்ணைக்கே என்னைய நிறுத்தியிருப்பாரு. பெறகு நான் ஒனக்க வீட்டுல வந்து கெடக்கணும். சும்மா இரு."

இரண்டு ஸ்டாப் கழிந்தது.

"கெண்டிய மட்டும் பிடிக்க முடிஞ்சா போதும் எனக்கு" என்றாள்.

ஷெட்டில் இப்போது பச்சையும் ஒன்றுதான் மற்றதும் ஒன்றுதான். காற்றை இழுக்கிற ஃபேன் வைத்திருக்கிறார்கள். சுவரில் பேப்பர் தமிழில் இருக்கிறது. நான் இன்னும் போகிறேன். குழலை முழுசாக எடுத்து டிரம்மில் வைக்கிறேன்.

சபையில் இப்போது ஊற்றுகிறது நான். போதகரின் மனைவி என்னைத்தான் கேட்டார். மைனியும் செய் என்றாள்.

டாக்டரைப் பார்த்து ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆலயத்தின் பக்க அறையில் கிண்ணங்களைக் கழுவித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மைனி வந்தாள்.

"மாறு. நான் ஊத்திப் பாக்கேன். தண்ணி போதும்."

"இப்ப என்னத்துக்கு மைனி?"

"பச்சைத் தண்ணிதானே. இதுக்கும் பொட்டு பாக்கணுமா?"

கெண்டியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். தட்டுக்கு அடியில் ஒன்றும் விரிக்கவில்லை என்று பார்த்தாள்.

"வெள்ளைய விரி. விழுந்தது தெரியண்டாமா?"

விரித்தேன். வலது கையில் கெண்டி. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முதல் கிண்ணத்திலிருந்து தொடங்கினாள். கெண்டியின் மூக்கு விளிம்பில் தட்டியது. நிறுத்தினாள். மூச்சு விட்டுவிட்டு மறுபடி ஊற்றினாள். நான் உதவிக்குப் போகவில்லை. நாற்பதும் ஆக வெகுநேரம் ஆயிற்று. கடைசிக் கிண்ணம் முடிந்ததும் கெண்டியை வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றாள்.

"சிந்தாதத எண்ணு. எனக்காகக் கூட்டிச் சொல்லாத, கேட்டியா."

குனிந்து ஒவ்வொரு கிண்ணமாகத் தூக்கி அடியைப் பார்த்து, நனையாததை மட்டும் எண்ணினேன். மறுபடியும் ஒரு தரம் எண்ணினேன்.

பதினொன்று.