சுவருக்கு மேலே வந்த புகை

என் வீட்டுக்காரர் மில்லில் பாய்லருக்குக் கரி தள்ளும் வேலை பார்த்தார். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இருதயம் கெட்டிருக்கிறது, புகை ஆகாது, வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் படுக்க வை என்றார்.

வீடு என்றால் ஒரே அறை. மழைக்காலமானாலும் அடுப்பை அன்றைக்கே வாசலுக்குத் தூக்கிவிட்டேன். ஆனால் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை, நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் ஈர விறகு வைத்தால் புகை சுவருக்கு மேலாக வந்து எங்கள் அறையில் இறங்கும்.

உப்புக்குக்கூட ஒருத்தி வாசலில் நிற்காதவள் நான். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், அடுப்பை வெளியே வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"இந்த மழையில வெளிய எப்டிக்கா ஆக்குவேன்? புள்ளைங்க பசிக்குதுன்னு அழுவுதுங்க," என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. கோணியைக் கட்டி அடைத்துப் பார்த்தேன். விசிறிப் பார்த்தேன். புகை சுற்றிச் சுற்றி அவர் மேலேயே வந்தது.

ஒரு காலை மில் சங்கு ஊதியதும் அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பறீங்க? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மில்லுல பொக போறதுக்கு ஒரு கூண்டாவது வெச்சிருக்கான். உன் ஊட்ல அதுவும் இல்ல," என்று சிரித்தார்.

மறித்து நிறுத்தி அவரை எங்கே படுக்க வைப்பேன்? தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தேன்.